கூடை வைக்கும் உயரத்தில் ஒரு கதவு

எங்கள் குப்பத்தில் யார் வீட்டுக்கு வாசற்கதவு வாங்கினாலும் பெரியம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் வாங்குவார்கள். பெரியம்மாவுக்கென்று சொந்தமாக ஒரு கதவு கிடையாது. தம்பி வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் ஓலைப் படலைச் சாத்திக்கொண்டு படுப்பாள். தச்சு வேலை தெரியாது. மரத்தைத் தட்டிப் பார்த்து இன்ன மரம், இத்தனை வயது என்று சொல்லவும் தெரியாது. அவள் மீன் விற்பவள். முப்பது வருஷமாகத் தலையில் கூடையோடு வீடு வீடாகப் போய் நின்றவள். பழவேற்காட்டில் எந்தக் கதவு மழைக்கு ஊதிக்கொள்ளும், எது காற்றுக்கு அடித்துக்கொள்ளும், எது நாலு தடவை கூப்பிட்டால்தான் திறக்கும் என்பதெல்லாம் வீட்டுக்காரர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்காரர்கள் கதவின் உள்பக்கத்தைத்தானே பார்க்கிறார்கள்.

அவள் என் மாமனாருக்கு அக்காள். என் வீட்டுக்காரருக்கு அத்தை. எனக்கு முறைக்குப் பெரியம்மா. பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குப்பத்தில் எல்லோருக்கும் அவள் ஏதோ ஒரு முறை, கோட்டைப் பக்கம் போனால் மீன்காரம்மா. கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷனை முகத்துவாரத்தில் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். பிள்ளை இல்லை. மாமியாரை நான் 'நீங்க' என்பேன். பெரியம்மாவை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். "நீங்க, நாங்கன்னா எனக்கு எவளையோ கூப்பிடற மாதிரி கீது" என்று வந்த மறுநாளே சொல்லிவிட்டாள். நான் தாயில்லாமல் வளர்ந்தவள். அந்த 'நீ' எனக்கு இனித்தது.

அது கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம். அவர்கள் வீட்டுக் கதவுகளைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் ஆட்களும் தங்கள் வீட்டுக்கு மரக்கதவு போட ஆசைப்பட ஆரம்பித்திருந்தார்கள். முதலில் போட்டவர் குப்பத்துக்குத் தலைவரான நாட்டார். கோட்டைக் கிடங்கில் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதைப் பார்த்தவர், தன் வீட்டுக்கும் அப்படியே போட்டார். வெளியே இழுத்துத் திறந்தால் உள்ளே இடம் மிச்சம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினார். ஆடிக் காற்று வந்தது. மூன்று நாள் விடாமல் அடித்த காற்றில் கதவுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்கு மணல் ஏறிவிட்டது. நாட்டார் ஆரம்பாக்கம் போயிருந்தார். உள்ளே அவர் பெண்சாதி கதவைத் தள்ளுகிறாள், அசையவில்லை. அந்த நேரத்துக்குப் பெரியம்மா கூடையோடு வாசலில் போய் நின்றாள்.

"மீன் வேணுமா?"

"ஐயோ, கதவு தொறக்கல அக்கா!"

"அது தெரியுது. மீன் வேணுமா, வேணாமா?"

வேண்டும் என்று உள்ளிருந்து பதில் வந்த பிறகுதான் கூடையை இறக்கினாள். கூடை மூடியாலேயே மணலை வாரிப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். திறந்ததும் உள்ளே இருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ, பெரியம்மா மீனை எடுத்துக் காட்டிக்கொண்டே சொன்னாளாம்: "மணல்ல குடியிருக்கறவன் வூட்டுக் கதவு உள்ள பார்த்துத்தான் தொறக்கணும். வெளிய கீற எடமெல்லாம் மணலுக்குச் சொந்தம்." நாட்டார் வந்து கதவைத் திருப்பி மாட்டினார். அதற்குப் பிறகுதான் கதவு வாங்கப் போகிறவர்கள் அவளைத் தேட ஆரம்பித்தார்கள்.

அவள் கதவு பார்க்கிற விதமே வேடிக்கையாக இருக்கும். தச்சன் பட்டறையில் கதவைச் சுவரோரம் நிமிர்த்தி வைக்கச் சொல்வாள். வாங்க வந்தவரைக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொல்வாள். தான் முன்னால் கூடையோடு நின்று "மீனு!" என்று ஒரே ஒரு முறை கூப்பிடுவாள். பின்னால் நிற்பவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றால் கதவு தள்ளுபடி. "குரல் போவாத கதவு கல்லறைக்குத்தான் ஆவும். அந்தாண்ட ஒல்லாந்தர் இடுகாட்டுல கேட்டுப் பாரு, வாங்கிக்குவானுங்க" என்பாள். இரும்பு ஆணி அடித்த கதவுக்கு அவள் வைத்த பேர் அழுமூஞ்சிக் கதவு. உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் ஒவ்வொரு ஆணியிலிருந்தும் துரு ஒழுகிக் கதவு முழுக்கக் கோடு விழும். எந்தத் தச்சனும் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட மனமுவந்து கொடுத்ததில்லை.

இவ்வளவு கதவு பார்த்தவள் எந்த வீட்டுக்குள்ளும் போகமாட்டாள். மீன் விற்கும் வீடானாலும் சரி, சொந்தக்காரர் வீடானாலும் சரி, வாசலோடு நிறுத்திக்கொள்வாள். பால் காய்ச்சுவதற்கோ நிலை வைப்பதற்கோ அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். தாலி அறுத்தவள் நல்ல காரியத்தில் எதிரே நிற்கக்கூடாது. கதவு அவள் பார்த்துக் கொடுத்ததாக இருக்கும், நிலைக்கு மஞ்சள் பூசும்போது அவள் ஏரிக்கரையில் மீன் கழுவிக்கொண்டிருப்பாள். சாதாரண நாளில் வா என்று கூப்பிட்டாலும் போகமாட்டாள். ஏன் என்று நான் ஒருநாள் கேட்டேன். "நல்ல நாள்ல வராதேன்ற வூட்டுக்கு மத்த நாள்ல இன்னாத்துக்குப் போவணும்?" என்றாள். கோபமெல்லாம் இல்லை. விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

விடியற்காலையில் தோணிக்குப் போகிற ஆண்கள் அவளை எதிரே பார்த்தால் திரும்பிப் போய், குந்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். ஒருநாள் ஒருவன் வாய்விட்டே திட்டிவிட்டான். பெரியம்மா கூடையை அவன் எதிரில் இறக்கி வைத்தாள். ராத்திரி வலையில் விழுந்த மடவை மீன், விளிம்பு வரைக்கும். "முண்டச்சி எதிர வந்தா காரியம் ஆவாது. மீன் கூடை எதிர வந்தா வலை கிழியக் கிடைக்கும். ரெண்டும் ஒண்ணா வருது. இப்ப இன்னா பண்ணப் போற?" அவன் நிஜமாகவே யோசித்துக்கொண்டு நின்றானாம். கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் திட்டியவனும் சிரித்துவிட்டான்.

ஊர் சிரித்ததே தவிர, அவள் அதை விளையாட்டாக விட்டுவிடவில்லை. அதற்குப் பிறகு வெறுங்கூடையோடு யார் எதிரிலும் அவள் வந்ததில்லை. விற்றுத் திரும்பும்போதும் ரெண்டு மடவையைக் கூடையில் மீதம் வைத்துக்கொள்வாள். மீனே இல்லாத நாளில் பனந்தோப்பைச் சுற்றிக்கொண்டு, ஆள் இல்லாத பக்கமாகப் போவாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது புரியவில்லை.

இனி என் கதவுக்கு வருகிறேன்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்தில் வயிற்றில் பிள்ளை தங்கியது. எங்கள் வீட்டில் மாமனார் மாமியாரோடு மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், ஐந்து பிள்ளைகள். ஒரே கூரை, ஒரே அடுப்பு. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சாய்ப்பில் ஒரு மூலை. படலுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா. என் ஓரகத்திகள் இருவரும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய் வந்தார்கள். எனக்குப் போக வீடில்லை. என் பிள்ளை எனக்கென்று இருக்கும் ஒரு வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். நான்கு வீடு தள்ளி இருந்த மணல்மேட்டில் மண்சுவர் வைத்து, பனையோலை வேய்ந்து, வைகாசிக்குள் வீட்டை நிறுத்திவிட்டார். வாசல் மட்டும் பொக்கை வாயாகத் திறந்து கிடந்தது.

மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். "படல் கட்டின வூட்டுக்கு உன்னை அனுப்ப மாட்டேன். மரக்கதவு போடு, போ." அதில் தப்புச் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் வலைக்குப் போனால் வர மூன்று நாள் ஆகும். மணல்மேட்டில் நரி உண்டு. முந்தின வருஷம் ஒரு வீட்டில் நாய் படலைத் தள்ளிக்கொண்டு போய்த் தூளியில் கிடந்த பிள்ளையைக் கடித்திருந்தது. ஆடியில் கதவு நிலை வைக்கமாட்டார்கள். புரட்டாசியிலும் வைக்கமாட்டார்கள், அதோடு எனக்கு அது ஏழாம் மாதம், அதற்குமேல் வீடு மாறக்கூடாது. ஆவணிக்குள் கதவு வரவில்லை என்றால் பிள்ளை அந்தச் சாய்ப்பு மூலையில்தான் பிறக்கும். கதவு பார்த்துத் தர வேண்டியவள் பெரியம்மா. படலுக்கு அந்தப் பக்கமே அவள் இருக்கும்போது எனக்கு என்ன கவலை என்றுதான் நினைத்தேன்.

முதலில் பழவேற்காட்டுத் தச்சனிடம் ஓர் இரட்டைக் கதவு இருந்தது. அழுமூஞ்சி என்று தள்ளிவிட்டாள். சரி. அடுத்து ஆரம்பாக்கத்திலிருந்து பனம்பலகைக் கதவு ஒன்று ஏரி தாண்டி வந்தது. பச்சை மரம், ஐப்பசியில் ஊதிக்கொண்டால் கூரை வழியாகத்தான் வெளியே வருவாய் என்றாள். அதுவும் சரிதான். மூன்றாவதாக, கரையில் ஒதுங்கிய உடைந்த கப்பலிலிருந்து ஒரு கதவு கிடைத்தது. உப்புத் தின்று உரமேறிய மரம், பித்தளைக் கீல், கூப்பிட்ட குரலும் தாண்டிப் போயிற்று. எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பெரியம்மா அதைச் சுற்றி வந்தாள். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நைனா, கடலுக்குப் போறவன் நீ. கடல் முழுங்கித் துப்பினதைக் கொண்டாந்து வாசல்ல மாட்டப் போறியா?" என்றாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. கதவைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் சாய்ப்பில் உட்கார்ந்திருக்கும்போது கவனித்தேன். பெரியம்மா மீன் அரிய உட்காரும் பலகை கப்பல் பலகை. பல வருஷமாக அதில்தான் குந்துகிறாள். எனக்குள் சுருக்கென்றது. கேட்கவில்லை.

ஆனி மாதம் அவள் மீனுக்கு நெல் மாற்றத் திருப்பாலைவனம் போனபோது, அங்கே ஒரு தச்சனிடம் வேப்பங்கதவு பார்த்ததாகச் சொன்னாள். மர ஆணி அடித்தது, உள்ளே திறப்பது, நன்றாகக் காய்ந்த மரம். அவள் வாயால் ஒரு கதவை நல்ல கதவு என்று சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். அடுத்த நடையில் பேசி முடித்துவிடுகிறேன் என்று போனாள். திரும்பி வந்து, "வித்துப்போச்சு. ரெண்டு நாள் முந்திப் போயிருக்கணும்" என்றாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள்தான் மீன் குழம்பைப் பிசைந்து கையில் வைத்துக் கொடுத்தாள்.

ஆடிக் கடைசியில் அந்தத் தச்சனே எங்கள் குப்பத்துக்குக் கருவாடு வாங்க வந்தான். நான் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "அந்த வேப்பங்கதவா? உங்க பெரியம்மா வந்துட்டுப் போனப்புறம் பதினஞ்சு நாள் எங்கிட்டதானே இருந்துச்சு. 'எங்க வூட்டுக்கு வேணாம், வேற ஆளுக்குக் குடுத்துடு'ன்னு அதுதான் சொல்லிட்டுப் போச்சு" என்றான்.

நேராகச் சாய்ப்புக்குப் போனேன். பெரியம்மா அந்தக் கப்பல் பலகையில் குந்தி மடவைக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கதவு வித்துப்போச்சுன்னு சொன்னியே?"

"ஆமா."

"நீதான் விக்கச் சொன்னியாமே?"

கத்தி நின்றது. அவள் பொய்யை நீட்டவில்லை. "சொன்னேன்" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் இரண்டு இழுப்பு இழுத்தாள். பிறகு நிமிராமலே பேசினாள். "இங்க உனக்கும் எனக்கும் நடுவுல ஒரு படல். நீ இருமினா எனக்குக் கேக்குது. புரண்டு படுத்தா கேக்குது. அங்க போனா அது வூடு. வூட்டுக்குள்ள நான் வரமாட்டேன்."

"வாயேன்! யாரு வேணாம்னாங்க?"

"பிள்ளை பொறக்கப்போற வூடு. என் கால் அதுல பட வேணாம். ஊருக்கு நான் பயப்படல. உன் வயித்துக்குப் பயப்படறேன். அவரு போனப்ப எனக்கும் வயித்துல நாலு மாசம். அதுவும் தங்கல."

அவள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அந்த இடத்தில் நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். மூன்று மாதமாக ஒவ்வொரு கதவுக்கும் நான் ஏங்கி ஏங்கிக் கிடக்க, இவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு தட்டிவிட்டிருக்கிறாள். என் வாய் அப்போதும் இப்போதும் கெட்ட வாய்.

"வெளியவே நின்னு பழகினவதானே நீ. வெளியவே நில்லு!"

பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரி" என்றாள். மறுபடி செதிள் எடுக்க ஆரம்பித்தாள்.

ஒன்பது நாள் நான் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. வைக்கிற இடத்தில் எனக்கு மீன் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆவணி பிறந்து நாள் ஓடிக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் காலை, கோட்டை மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில், ஏரிக்கரையில் ஒரு தோணி வந்து நின்றது. தோணிக்குக் குறுக்கே ஒரு மரநிலையும் கதவும் கட்டிக் கிடந்தன. பெரியம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, "பார்த்துத் தூக்குங்கடா, ஜல்தி" என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

தூக்கிவந்து வைத்ததும்தான் எல்லோரும் பார்த்தோம். கதவு இடுப்பு உயரத்தில் இரண்டாக அறுத்திருந்தது. கீழே தனிக்கதவு, மேலே தனிக்கதவு. கீழதைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மேலதை மட்டும் திறந்துகொள்ளலாம். எனக்கு அது எந்தக் கதவு என்று உடனே தெரிந்துவிட்டது. கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு துரை வீட்டுக் குசினிக் கதவு அது. அந்த வீட்டுச் சமையற்காரர்தான் பெரியம்மாவுக்கு அன்றாடம் முதல் போணி. முதல் போணிக்குக் கூப்பிட்ட வாசலை மீன்காரி தாண்டிப் போகக்கூடாது, போனால் அன்றைக்குக் கூடை காலியாகாது என்பது அவர்கள் தொழிலில் சட்டம். அதனால் மழையோ வெயிலோ அந்த வாசலுக்குப் போவாள். போய்விட்டு வந்து அந்தக் கதவைத் திட்டுவாள். "குறுக்கக் கட்டையைப் போட்டுக்கினு யாவாரம் பண்றானுங்க. அவன் நாய் தாவாங்கட்டைய அதுமேல வெச்சிக்கினு என் மீனை மோந்து பார்க்குது." துரை குடும்பத்தோடு கிழக்கே பத்தாவிப் பட்டணத்துக்குக் கப்பலேறுகிறார். வீட்டை வாங்கியவர் குசினியை இடிக்கிறார். கப்பலுக்கு வேண்டிய கருவாட்டுக்கு மாற்றாகச் சமையற்காரர் கதவைக் கழற்றி இவளிடம் கொடுத்திருக்கிறார்.

 அவளே பக்கத்தில் வந்தாள்.

"நீதானே சொன்ன, வெளியவே நில்லுன்னு. நிக்கறதுக்குத் தோதா ஒரு கதவு வேணுமில்ல?"

குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நல்ல யோசனை சொன்னதற்கு நன்றி சொல்கிற முகம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

கீழ்க்கதவின் மேல்விளிம்பில், நடுவில், இரண்டு சாண் அகலத்துக்கு மரம் தேய்ந்து குழிந்திருந்தது. "இது இன்னா பெரியம்மா?" என்று கேட்டேன். ஒன்பது நாளைக்குப் பிறகு நான் பேசிய முதல் பேச்சு அதுதான். "அதுவா? இருபது வருஷமா என் கூடை குந்தின எடம்" என்றாள்.

மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "ஊரு சிரிக்கும். பாதிக் கதவ மாட்டுக்கொட்டாய்க்குத்தான் போடுவாங்க" என்றார்கள்.

"மேல காத்து வரும், பேச்சு வரும்" என்றாள் பெரியம்மா. "உள்ளதான் தொறக்குது, மணல் அடைச்சாலும் மேல ஏறிக் குதிச்சுடலாம். ஆணி பூரா பித்தளை. நாயி வராது, நரி வராது, நானும் வரமாட்டேன். வேற இன்னா வேணும் உனக்கு?"

மாமியார் கதவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். நிலையை மாட்டச் சொன்னார்கள்.

ஆவணிக் கடைசி வெள்ளியன்று பால் காய்ச்சினோம். எங்கள் குப்பத்து வழக்கப்படி பால் பொங்கியதும் கதவைச் சாத்தி, வீட்டுக்காரி கையால் மறுபடி திறக்க வேண்டும். திறக்கும்போது எதிரே நல்ல சகுனம் வரவேண்டும் என்று ஒரு சுமங்கலியை நிறைகுடத்தோடு வெளியே நிறுத்துவார்கள். என் மூத்த ஓரகத்தி குடத்தோடு நின்றாள். பெரியம்மா வரவில்லை. விடியும் முன்பே கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டாள் என்றார்கள். கரையிலிருந்து ஊருக்குப் போகிற வழி மணல்மேட்டுக்குக் கீழேதான். என் காது முழுக்க அங்கேதான் இருந்தது.

பால் பொங்கியது. குலவை போட்டார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு நின்றேன். "தொறடி" என்றார்கள் மாமியார். நான் திறக்கவில்லை. "தொறடி, நல்ல நேரம் போவுது." அப்போது தூரத்தில் "மீனு!" என்று குரல் கேட்டது. மேல்கதவை மட்டும் திறந்தேன். குடத்தோடு நின்ற ஓரகத்தியைத் தாண்டி, மேட்டுக்குக் கீழே, தலையைத் திருப்பாமல் பெரியம்மா போய்க்கொண்டிருந்தாள்.

"ஏ மீன்காரம்மா! இங்க வா! முதல் போணி!"

பெரியம்மா நின்றுவிட்டாள். போகவும் முடியாது, வரவும் முடியாது. தொழில் ஒரு பக்கம் இழுக்கிறது, தாலி அறுத்த கழுத்து மறுபக்கம் இழுக்கிறது. கொஞ்ச நேரம் மணலில் கால் மாற்றிக்கொண்டு நின்றாள். பிறகு மேட்டில் ஏறினாள். பின்னால் பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மாமியார் என் தோளைப் பிடித்தார்கள்.

நான் திரும்பிச் சொன்னேன்: "தாலி அறுத்தவ எதிர வந்தா ஆவாது. மீன் கூடை எதிர வந்தா நல்லது. ரெண்டும் ஒண்ணா வருது. இன்னா பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பெரியம்மா வந்து கூடையைக் கீழ்க்கதவின் மேல் இறக்கினாள். அது அந்தக் குழிவில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. மாமியார் கூடையைப் பார்த்தார்கள், பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். என்ன நினைத்தார்களோ, என்னை நகர்த்திவிட்டு முன்னால் வந்தார்கள்.

"இன்னா மீனு, அண்ணி?"

"கொடுவா" என்றாள் பெரியம்மா. ஒரு மீனைச் செவுளோடு தூக்கிக் காட்டினாள். "இன்னிக்கு வந்தது."

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு, கீழ்க்கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, உள்ளே நான் செய்கிற ஒவ்வொன்றுக்கும் குற்றம் சொல்வாள். குழம்பு நீர்த்துவிட்டது, விறகு ஈரம், கனமான குடத்தைத் தூக்காதே. ஒரு மாமியாரோடு இருந்த நான் இப்போது கதவுக்கு வெளியே இன்னொரு மாமியாரைச் சம்பாதித்துக்கொண்டேன் என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். உள்ளே வா என்று நான் மறுபடி கூப்பிடவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. நான்கு நாள் தோணி போகவில்லை, ஊரில் ஒரு மீன் இல்லை. நான்காம் நாள் காலை எனக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வந்தாள், மாமியார் வந்தார்கள். மேல்கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன். சாரல் அடிக்கும் என்றாள் மருத்துவச்சி. அடிக்கட்டும் என்றேன். வெளியே வானமும் மழையும்தான் தெரிந்தன.

"பெரியம்மா எங்க?"

"தோ, பனமரத்தாண்ட நிக்கறா" என்றார்கள் மாமியார். "கூடையத் தலையில கவுத்துக்கினு, காலையிலேர்ந்து நனையறா. கூப்ட்டேன். வெறுங்கூடை, வரமாட்டேன்றா."

அவள் எதற்குப் பயப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். வலியோடு வலியாக நான் அழுதேன். உச்சிப்பொழுதுக்கு என் மகள் பிறந்தாள். அழுத அழுகை மழையைத் தாண்டிக் கேட்டிருக்கும். குளிப்பாட்டி, முறத்தில் துணி விரித்துப் போட்டு என் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். நான் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பெரியம்மாகிட்ட குடுங்க" என்றேன்.

மாமியார் குழந்தையை முறத்திலிருந்து எடுத்துக் கையில் ஏந்திக்கொண்டார்கள்.  பிறகு கதவருகே போய், மழையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள்.

"அண்ணி! கூடைய எடுத்துக்கினு வா! ரொப்பித் தர்றேன்!"

மணலில் ஓடிவருகிற சத்தம் கேட்டது. கூடையைக் குழிவில் வைத்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மாமியார் தன் பழஞ்சேலையை நாலாக மடித்து உள்ளே போட்டு, அதன்மேல் என் மகளை வைத்தார்கள். கூரை இறவாணத்துக்குக் கீழே, கதவுக்கு அந்தப் பக்கம், பெரியம்மா கூடைக்குள் பார்த்துக்கொண்டே நின்றாள். 

சாகும்வரைக்கும் அவள் என் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. என் மகள்தான், பிறந்த நாழிகையிலேயே, அவளைப் பார்க்க வெளியே போனாள்.